ஆவியைப் பார்த்ததுண்டா?

போன இதழில், திடம், திரவம், வாயு பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று ஒரே ஒரு வரிதான் போட்டோம். பாடப்புத்தக விஷயமாயிற்றே, யார் எழுதப்போகிறார்கள் என்று நினைத்தது தப்பாகிவிட்டது. வந்ததில் பாதி சமையலறையிலிருந்து, மீதியில் பாதி பூஜை அறையிலிருந்து. கிடைத்த இடத்துக்குள் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

இட்லி ஆவியில் வேகிறது என்கிறோம். மூடியைத் திறந்ததும் குப்பென்று வெள்ளையாக வருகிறதே, அதுதானே ஆவி? ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், அது ஆவியே இல்லை, ஆவி கண்ணுக்குத் தெரியாது என்று அடம் பிடிக்கிறாள்.
— வாசகி, திருநெல்வேலி

மகள் சொல்வதுதான் சரி. தோற்றதை ஒப்புக்கொண்டு அவளுக்கு இரண்டு இட்லி கூடுதலாக வையுங்கள். நீங்கள் பார்க்கும் வெள்ளை, வெளிக்காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிவிட்ட பொடித் துளிகள். மேகமும் மார்கழி மூடுபனியும் இதேதான். நிஜமான நீராவிக்குக் காற்றைப் போலவே நிறம் கிடையாது. அடுத்த முறை குக்கர் விசில் அடிக்கும்போது உன்னிப்பாகப் பாருங்கள்: வெயிட்டுக்கு அடியில் சீறிக்கொண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு ஒன்றுமே இருக்காது, அதற்கு அப்புறம்தான் வெள்ளை தொடங்கும். அந்த ஒன்றுமே இல்லாத விரற்கடைதான் ஆவி. கையை நீட்டிச் சோதிக்க வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்றால், கொதிநீர் பட்ட காயத்தைவிட ஆவி பட்ட காயம் பொல்லாதது. 100 டிகிரியில் இருக்கும் 1 கிராம் தண்ணீர் உங்கள் கையில் பட்டு உடம்புச் சூட்டுக்கு இறங்கும்போது 63 கலோரி வெப்பத்தைக் கொட்டும். அதே 100 டிகிரியில் இருக்கும் 1 கிராம் ஆவி என்ன செய்யும் தெரியுமா? முதலில் தண்ணீராக மாறுவதற்கே 540 கலோரியைக் கொட்டிவிட்டு, பிறகு அந்த 63-ஐயும் சேர்த்துக் கொட்டும். ஏறக்குறைய பத்து மடங்கு. இட்லி வேகும் ரகசியமும் இதுதான். குளிர்ந்த மாவின் மேல் ஆவி வந்து மோதி, அங்கேயே தண்ணீராகி, தான் சுமந்து வந்த சூட்டை மாவுக்குள் இறக்கிவைத்துவிட்டுச் சொட்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கையும் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும்போது அது அடைக்கும் இடம் சுமார் 1,700 மடங்காகிறது. ஒரு டீஸ்பூன் தண்ணீர் எட்டு லிட்டருக்கு மேல் இடத்தை நிரப்பும். தண்ணீரின் மூலக்கூறு எதுவும் இதில் ஊதிப் பெருக்கவில்லை, துளிகூடப் பெரிதாகவில்லை. அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கின்றன, அவ்வளவுதான். எவ்வளவு விலகல்? எல்லாப் பக்கமும் சுமார் 12 மடங்கு தூரம். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 12 என்று பெருக்கிப் பாருங்கள், 1,728 வரும்.

கற்பூர டப்பாவில் நான்கு மிளகு போட்டு வைத்தால் கற்பூரம் கரையாது என்று மாமியார் சொல்கிறார். போட்டும் பார்த்தோம், கரைகிறது. மிளகில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?
— வாசகி, கும்பகோணம்

என் அம்மாவும் மிளகு போட்டார். அதனால் மிளகைக் குறை சொல்லச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. ஆனால் வேலை செய்வது டப்பாவின் மூடிதான்.

கற்பூரம் உருகாமலே நேராக ஆவியாகும். பள்ளியில் பதங்கமாதல் என்று மனப்பாடம் செய்தோமே, அது. கற்பூரம் உருகச் சுமார் 176 டிகிரி வேண்டும், நம் அலமாரியில் 30-தான் இருக்கிறது, இருந்தும் அது குறைந்துகொண்டே போகிறது. காரணம் அதன் மூலக்கூறின் வடிவம். கிட்டத்தட்ட ஒரு பந்து மாதிரி உருண்டையானது அது. பக்கத்தில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அதற்கு நீட்டலோ கொக்கியோ இல்லை. இன்னும் வேடிக்கை, திடமான கற்பூரக் கட்டிக்குள்ளேயே மூலக்கூறுகள் வரிசையில் தங்கள் இடத்தைவிட்டு நகராமல் பம்பரம்போலச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. திடப்பொருள் என்றால் எல்லாம் அசையாமல் இருக்கும் என்ற படம் உங்கள் மனதில் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். மேற்பரப்பில் உள்ளவற்றில் ஒன்றுக்கு எதேச்சையாகக் கொஞ்சம் வேகம் கூடினால் போதும், பிய்த்துக்கொண்டு போய்விடும். அது உங்கள் மூக்கில் நுழைந்தால் வாசனை.

மூடி இறுக்கமாக இருந்தால் போனவை எங்கே போகும்? டப்பாவுக்குள்ளேயே சுற்றும். சிறிது நேரத்தில் உள்ளே ஆவி நிறைந்து, கட்டியைவிட்டுக் கிளம்புபவையும் திரும்பி வந்து ஒட்டுபவையும் சமமாகிவிடும். கணக்கில் குறையாது. பழைய டப்பாவின் மூடியைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் மினுமினுவென்று பொடிப் படிகங்கள் ஒட்டியிருக்கும், போன கற்பூரம் திரும்பி வந்து உட்கார்ந்த இடம் அது. மூடி தளர்ந்த டப்பாவில் கிளம்பியது திரும்பாது, அதில் நான்கு மிளகு போட்டாலும் நாற்பது போட்டாலும் அதே கதைதான். மாமியாரின் மிளகு டப்பாவுக்கு நல்ல இறுக்கமான மூடி இருந்திருக்கும், மிளகு பேர் வாங்கிக்கொண்டுவிட்டது. வீட்டில் இதற்காகச் சண்டை வேண்டாம், மிளகையும் போட்டு மூடியையும் மாற்றுங்கள்.

'ஐஸ் கரைந்துவிட்டது', 'கற்பூரம் கரைந்துவிட்டது', 'உப்பு கரைந்துவிட்டது' — மூன்றுக்கும் ஒரே சொல்லா? மாணவர்கள் எழுதும்போது திருத்தவா, விடவா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

ஐயா, பேச்சில் விட்டுவிடுங்கள், விடைத்தாளில் திருத்துங்கள். ஐஸ் உருகுகிறது. சூடு ஒன்றே போதும், துணைக்கு வேறு பொருள் தேவையில்லை. உப்பு கரைகிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் மூலக்கூறுகள் உப்பைச் சுற்றி வளைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். உப்பை உருக்குவதென்றால் 801 டிகிரி. கற்பூரம் மேலே சொன்னபடி பதங்கமாகிறது. மூன்றும் மூன்று வேலை. ஆனால் கண்ணுக்கு மூன்றுமே 'இருந்தது, இப்போது இல்லை'தான், அதனால் ஊரார் ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

எங்கட பாடநூலில் 'துணிக்கை' என்று இருக்கு. இந்தியப் புத்தகங்களில் 'துகள்' என்று பார்த்தேன். ரெண்டும் ஒன்றா? ஒருவரும் கண்ணால காணாத ஒன்றை இருக்கெண்டு எப்படி நிச்சயமாச் சொல்லுறீங்கள்?
— சாதாரண தர மாணவி, யாழ்ப்பாணம்

இரண்டும் ஒன்றுதான் தங்கச்சி. எனக்குத் துணிக்கை என்ற சொல்லே கூடுதலாகப் பிடிக்கும், ஏனென்றால் துகள் என்றவுடன் இங்கே மரத்தூளும் தூசியும் நினைவுக்கு வந்து குழப்புகிறது. ஒரு தூசித் துகளுக்குள்ளேயே எண்ண முடியாத அளவு அணுக்கள் இருக்கின்றன.

எவ்வளவு சிறியது என்பதற்குத் தமிழில் ஒரு வசதி உண்டு. 'கோடி கோடி கோடி' என்று நாம் மிகையாகச் சொல்வோமே, அதை நிஜமாகவே பெருக்கிப் பார்: கோடி பெருக்கல் கோடி பெருக்கல் கோடி, ஒன்றுக்குப் பின்னால் 21 சைபர். ஒரு சொட்டுத் தண்ணீரில் இருக்கும் மூலக்கூறுகள் அதில் ஒன்றரை மடங்குக்கும் மேல். இது மிகை இல்லை, கணக்கு. 18 கிராம் தண்ணீரில் 6.022-ஐ 10-இன் 23-ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் எண்ணிக்கை இருக்கும். ஒரு சொட்டை 0.05 கிராம் என்று வைத்து வகுத்துப் பார்.

அடுத்தது உன் நல்ல கேள்வி. 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் நுண்ணோக்கியில் பார்த்தபோது, மகரந்தத்திலிருந்து வந்த பொடிகள் தண்ணீரில் சும்மா இருக்காமல் துடித்துக்கொண்டே இருந்தன. (மகரந்தமே ஆடியது என்று பல இடத்தில் எழுதியிருப்பார்கள். அதற்குள்ளிருந்த இன்னும் சிறிய பொடிகள்தான் ஆடின.) உயிருள்ளதால் ஆடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, உயிரே இல்லாத பொருள்களைப் பொடித்துப் போட்டார், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையின் ஒரு துணுக்கு உட்பட. எல்லாமே ஆடின. காரணம் தெரியாமலே முக்கால் நூற்றாண்டு போயிற்று.

1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுச் சொன்னார்: கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிக்கின்றன, ஒரு கணத்தில் இந்தப் பக்கம் இடி கூட, மறு கணத்தில் அந்தப் பக்கம் கூட, அதனால் பொடி தள்ளாடுகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தின்மேல் ஒரு பெரிய பலூனைத் தூக்கிப்போட்டுவிட்டு தூரத்து மலையிலிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள். ஆட்கள் தெரியமாட்டார்கள், பலூன் அங்குமிங்கும் எகிறுவது தெரியும். பலூன் எகிறும் விதத்தை அளந்தே கீழே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாமா? சொன்னார் ஒருவர். பிரான்சில் ஜான் பெரின், கம்போஜ் என்ற மஞ்சள் பிசினைச் சீரான சிறு உருண்டைகளாகப் பிரித்துத் தண்ணீரில் விட்டு, எந்த உயரத்தில் எத்தனை நிற்கின்றன என்று நுண்ணோக்கியில் பொறுமையாக எண்ணினார். மலை ஏற ஏறக் காற்று குறைவதுபோல, மேலே போகப் போக உருண்டைகள் குறைந்தன, அந்தக் குறைவிலிருந்து மூலக்கூறுகளின் எண்ணிக்கை கிடைத்தது. 1926-இல் அவருக்கு நோபல் பரிசு. அந்தப் பிசின் தரும் மரம் நம் கொறுக்காய்ப் புளிக்கு, அதாவது மீன் குழம்பில் போடும் கொடம்புளிக்கு, சொந்தக்கார மரம். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் புளியைப் பார்த்தாலே பெரின் நினைவு வருகிறது.

1981-இல் வந்த ஒரு வகை நுண்ணோக்கி, கூரான ஊசியால் மேற்பரப்பைத் தொடாமலே தடவி, அணுக்களைத் தனித்தனி மேடாகவே காட்டிவிட்டது. ஆகவே 'ஒருவரும் காணாத' என்ற சொல்லையும் இப்போது எடுத்துவிடலாம்.

பருப்பு ஊட்டியில் வேகவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், ஊட்டி

குக்கர் வாங்குங்கள். உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், எவ்வளவு நேரம் எரித்தாலும் அதற்குமேல் ஏறாது. குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் 120-ஐ நெருங்கும்.

டீக்கடை வைத்திருக்கிறேன். 19 கிலோ சிலிண்டரைக் குலுக்கினால் உள்ளே தளக் தளக் என்று தண்ணீர் சத்தம். காலையில் இரண்டு அடுப்பும் போட்டால் சிலிண்டர் வேர்க்கிறது, சில நாள் அடியில் பனியே பிடிக்கிறது. தண்ணீர் கலந்து அனுப்புகிறார்களா?
— டீக்கடைக்காரர், ஈரோடு

சத்தத்தை வைத்துச் சந்தேகப்படாதீர்கள் அண்ணாச்சி. கேஸ் என்று வாயில் சொல்கிறோமே தவிர நீங்கள் வாங்குவது திரவம்தான். எல்பிஜி என்பதில் முதல் எழுத்தே 'திரவமாக்கிய' என்பதற்காக. புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களை அழுத்தி நெருக்கிவைத்தால், மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு திரவமாகிவிடும். வீட்டுச் சிலிண்டர் கணக்கைச் சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும்: அதன் கொள்ளளவு 33 லிட்டர் சொச்சம், உள்ளே 14.2 கிலோ, அது திரவமாக 26 லிட்டர் வரும். மேலே மிச்சமிருக்கும் இடத்தில் ஆவி நிற்கிறது. அடுப்புக்கு வருவது அந்த மேல் ஆவிதான். (சிலிண்டரைப் படுக்கப் போடக்கூடாது என்பது இதனால்தான், படுக்கவைத்தால் திரவமே குழாயில் ஏறிவிடும்.) இந்த 26 லிட்டரையும் வாயுவாகவே கொண்டுவர வேண்டும் என்றால் மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஆறு போதாது.

வேர்ப்பது ஏன்? நீங்கள் இரண்டு அடுப்பையும் திறக்கும்போது மேல் ஆவி வேகமாகக் குறைகிறது, அதை ஈடுகட்டத் திரவம் கொதிக்கிறது. ஆமாம், அடுப்பே இல்லாமல் சிலிண்டருக்குள் கொதிக்கிறது. புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி, பியூட்டேனுக்குப் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே, அதனால் ஈரோட்டுச் சூடு அதற்குத் தாராளம். ஆனால் ஆவியாகச் சூடு வேண்டுமே, அதை எங்கிருந்து எடுக்கும்? சிலிண்டர் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும்தான். இரும்பு சில்லிட்டுப் போய், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் வந்து துளியாகிறது, இன்னும் வேகமாக எரித்தால் பனியாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். சிலிண்டர்மேல் பிடிக்கும் ஈரம் வெளிக்காற்றிலிருந்து வந்தது, உள்ளே இருந்து இல்லை.

இன்னொன்று. உள்ளே துளி திரவம் இருக்கும்வரை அழுத்தம் பெரிதாகக் குறையாது, சூட்டைப் பொறுத்துத்தான் அது மாறும். அதனால்தான் கேஸ் தீரப்போகிறது என்று சுடர் முன்கூட்டிச் சொல்வதில்லை. நன்றாக எரிந்துகொண்டே இருந்துவிட்டு, சரியாகத் தோசை பாதி வெந்திருக்கும்போது படுத்துவிடும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய, ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழ்வரை ஒரு துடை துடைத்துவிட்டுப் பாருங்கள். திரவம் இல்லாத மேல்பகுதி சீக்கிரம் காயும், திரவம் இருக்கும் பகுதி ஈரமாகவே நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும், அதுதான் அளவு. சூடேற்றிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

எங்கள் பூர்வீக வீட்டு ஜன்னல் கண்ணாடியில் வெளியே பார்த்தால் அலை அலையாகத் தெரிகிறது. கண்ணாடி உண்மையில் ஒரு திரவம், நூறு வருடத்தில் மெல்ல வழிந்து கீழே தடித்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.
— வாசகர், காரைக்குடி

வழியவில்லை, செய்யும்போதே அப்படித்தான் வந்தது. அந்தக் காலத்தில் உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றியோ விரித்தோ தகடாக்கினார்கள், எல்லா இடத்திலும் ஒரே கனம் வராது. தடித்த ஓரம் கீழே இருந்தால் நன்றாக நிற்கும் என்று ஆசாரி கீழே வைத்துப் பொருத்தியிருக்கலாம். ஐரோப்பியத் தேவாலயங்களிலும் இதே கதை சுற்றி, ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டே பார்த்துவிட்டார்கள். சாதாரணச் சூட்டில் அந்தக் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும்படி வழிய, பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டே போதாது.

ஆனால் அந்த வதந்திக்குள் ஒரு நிஜம் இருக்கிறது. உப்பிலும் கற்கண்டிலும் துகள்கள் கோலப் புள்ளிபோல வரிசை பிசகாமல் இருக்கும். கண்ணாடிக்குள் பார்த்தால் திரவத்தில் இருப்பதுபோலத் தாறுமாறு. ஓடிக்கொண்டிருந்த கூட்டம் வரிசைக்கு வர நேரம் கிடைக்காமல் அப்படியே விறைத்துப்போனால் எப்படி இருக்கும், அதுதான் கண்ணாடி.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்கிறீர்கள். கடலை மிட்டாய்க்கு வெல்லப் பாகு காய்ச்சும்போது அம்மா என்ன செய்கிறார்? கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார். முதலில் அது கரைந்து ஓடும். கொஞ்சம் பொறுத்து விட்டால் விரலில் உருளும். இன்னும் காய்ச்சி விட்டால் கெட்டியாகி, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும், இறக்கிவிடுவார். நடப்பது என்னவென்றால், தண்ணீர் வெளியேற வெளியேறப் பாகின் சூடு 100-ஐத் தாண்டி ஏறுகிறது (சர்க்கரைப் பாகில் அந்த உடையும் பதம் 150 டிகிரியை ஒட்டி வரும்), சர்க்கரை மூலக்கூறுகள் நெருங்கி நெருங்கி, ஆறும்போது படிகமாக அடுக்கிக்கொள்ள நேரமில்லாமல் விறைத்துவிடுகின்றன. கோவில்பட்டிக் கடலை மிட்டாயில் கடலையைப் பிடித்துக்கொண்டிருப்பது, கறாராகச் சொன்னால், வெல்லக் கண்ணாடி. மழைக்காலத்தில் பாக்கெட்டைத் திறந்து வைத்தால் பிசுபிசுக்கிறதே, காற்றிலிருந்து உள்ளே போன ஈரம் அந்தக் கூட்டத்துக்கு நகர இடம் கொடுத்துவிட்டது, கண்ணாடி மறுபடி பாகாகப் பார்க்கிறது.

வழியும் 'திடப்பொருள்' வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும். பிரிஸ்பேனில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927-இல் தார் போன்ற கீலைச் சூடாக்கி ஒரு புனலில் ஊற்றினார், படியட்டும் என்று மூன்று வருடம் விட்டு, 1930-இல் புனலின் அடியை வெட்டிவிட்டார். அந்தக் கீலைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும், ஆனால் சும்மா விட்டால் சொட்டும். இதுவரை விழுந்தவை ஒன்பது சொட்டு, ஒன்பதாவது 2014-இல். அதை 1961 முதல் பார்த்துக்கொண்ட ஜான் மெயின்ஸ்டோன் ஒரு சொட்டு விழுவதைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. 1988-இல் ஏதோ குடிக்கலாம் என்று சில நிமிடம் வெளியே போனார், விழுந்துவிட்டது. 2000-இல் கேமரா வைத்தார், அந்த நேரம் பார்த்து அது வேலை செய்யவில்லை. 2013-இல் அவர் இறந்தார், எட்டு மாதம் கழித்து அடுத்த சொட்டு. மனிதருடைய பொறுமையை நினைத்தால் எனக்கு வருத்தமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

மார்கழியில் உறைந்தால்தான் சுத்தமான தேங்காய் எண்ணெய் என்கிறார் கடைக்காரர். உண்மையா?
— வாசகி, பொள்ளாச்சி

பாதி உண்மை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறுகும், ஃபிரிட்ஜில் வைத்தும் இறுகாவிட்டால் சந்தேகப்படலாம். ஆனால் இறுகிவிட்டதாலேயே சுத்தம் என்று ஆகிவிடாது, ஏனென்றால் பனைவகைக் கொட்டை எண்ணெயும் கிட்டத்தட்ட அதே சூட்டில் இறுகும். தண்ணீர் போல ஒரே டிகிரியில் சட்டென்று உறையாமல், முதலில் கலங்கி, பிறகு பொரிப்பொரியாகி, பாட்டிலின் பாதி கெட்டி பாதி நெகிழ்வு என்று நிற்கிறதே, பலவகைக் கொழுப்பு மூலக்கூறுகள் கலந்திருப்பதால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் உட்காருகிறது.

பொருளின் நிலை மூன்று என்று படித்தேன். தம்பி புத்தகத்தில் ஐந்து என்று இருக்கிறது. இணையத்தில் இன்னும் நீளமான பட்டியல். கடைசியாக எத்தனை?
— கல்லூரி மாணவர், கோவை

பரீட்சைக்கு உங்கள் புத்தகம் சொல்லும் எண்ணிக்கையை எழுதுங்கள். மற்றபடி எண்ணிக்கையில் எனக்கு ஆர்வம் இல்லை. துகள்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்த்தால் போதும், பெயர் பின்னால் வரும். நான்காவது பிளாஸ்மா: எலக்ட்ரான்கள் கழன்று ஓடும் அளவு கிளர்ந்த வாயு, டியூப்லைட்டுக்குள்ளும் மின்னலிலும் சூரியனிலும் இருப்பது. ஐந்தாவது போஸ்-ஐன்ஸ்டைன் செறிவு நிலை: அதற்கு டாக்காவில் இருந்த சத்யேந்திர நாத் போஸ் 1924-இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை விதை, 1995-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ரூபிடியம் அணுக்களைத் தனிப்பூஜ்ஜியத்துக்கு (அதற்குக் கீழே குளிர இடமே இல்லாத எல்லை) மேல் ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்குக் குளிர்வித்து உண்டாக்கினார்கள். இதெல்லாம் எல்லோரும் எழுதுவது.

நான் உங்களுக்குக் காட்ட நினைப்பது உங்கள் பையில் இருக்கும் கால்குலேட்டரை. அதன் திரையில் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள், கறுப்பு நிழல் ஒன்று குளத்து அலைபோலப் பரவி அடங்கும். உள்ளே இருப்பது திரவப் படிகம். பெயரே முரண்தான், படிகம் என்றால் திடம், அது எப்படித் திரவமாகும்? 1888-இல் பிராகில் இருந்த தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சரையும் இந்தக் கேள்விதான் குழப்பியது. கொழுப்புப் பொருளிலிருந்து செய்த ஒன்று 145.5 டிகிரியில் உருகியது, ஆனால் பால்போலக் கலங்கலாக. 178.5 டிகிரியில் இன்னொரு முறை 'உருகி'த் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா! நடுவில் இருந்த கலங்கல்தான் திரவப் படிகம். அதன் மூலக்கூறுகள் குச்சி போன்றவை. ஆற்றில் மிதந்து வரும் மூங்கில்களைப் பார்த்திருப்பீர்கள், ஒன்றையொன்று உரசிக்கொண்டு முன்னும் பின்னும் நகரும், ஆனால் எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். நகர்வதால் திரவம், திசை மாறாததால் படிகம். மின்சாரம் கொடுத்தால் குச்சிகள் திரும்பும், வெளிச்சத்தை விடும் அல்லது மறிக்கும், உங்களுக்கு 8 என்ற எண் தெரியும்.

குச்சி மூலக்கூறுதான் இப்படி நடக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1977-இல் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகரும் அவருடைய குழுவினரும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆப்பத்தை அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் தூண் தூணாக அடுக்கிக்கொண்டு திரவப் படிகமாகும் என்று கண்டுபிடித்தார்கள். இவர் நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் வாங்கிய சந்திரசேகர் இல்லை, வேறொருவர், இவர் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன். பக்கவாட்டில் நின்று பார்த்தாலும் திரை மங்காமல் இருக்க உதவும் மெல்லிய படலங்களில் பிறகு அந்தத் தட்டு வகை வந்து உட்கார்ந்தது. பாடப்புத்தகத்தில் இவருக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம் என்பது என் நெடுநாள் புலம்பல்.

தீ திடமா, திரவமா, வாயுவா? டீச்சர் 'அப்புறம் சொல்றேன்' என்றார், சொல்லவில்லை.
— ஐந்தாம் வகுப்பு மாணவன், சேலம்

டீச்சரைக் கோபித்துக்கொள்ளாதே தம்பி, கஷ்டமான கேள்வி. தீயை ஒரு பொருள் என்பதைவிட ஒரு நடப்பு என்று சொல்லலாம். குற்றால அருவியைப் பார்த்தால் நேற்றைக்கும் இன்றைக்கும் அதே உருவம், ஆனால் நேற்றைய தண்ணீர் எப்போதோ போய்விட்டது. சுடரும் அப்படித்தான். மெழுகுவத்தியில் திடமாக இருக்கும் மெழுகு உருகித் திரவமாகித் திரியில் ஏறுகிறது, திரியின் நுனியில் வாயுவாகிறது, அந்த வாயு காற்றோடு சேர்ந்து எரிகிறது. மஞ்சளாக ஒளிர்கிறதே, அது எரிந்து முடியாத கரித்தூள் பழுக்கச் சூடாகி மினுங்குவது, அதாவது அந்த இடத்தில் திடமும் இருக்கிறது! கரண்டியைச் சுடரில் காட்டினால் கறுப்பாக ஒட்டும், அதுதான் அந்தத் தூள்.

எரிவது மெழுகின் வாயுதான் என்பதற்கு ஒரு வேடிக்கை செய்து பார்க்கலாம். அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும், ஃபேனை நிறுத்திவிட்டு. மெழுகுவத்தியைச் சற்று நேரம் எரியவிட்டு மெதுவாக ஊதி அணைத்தால், திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை நூல்போல மேலே போகும். உடனே எரியும் தீக்குச்சியைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டு போகாமல், ஒரு விரல் உயரத்தில் அந்தப் புகையில் காட்டச் சொல். சுடர் புகை வழியாகக் கீழே தாவி, திரி தானாகப் பற்றிக்கொள்ளும். முதல் தடவை வராவிட்டால் இன்னும் சீக்கிரமாகச் செய்யச் சொல், புகை கலைவதற்குள். எவ்வளவு உயரத்திலிருந்து தாவியது என்று அளந்து அடுத்த இதழுக்கு எழுது.